கோவையில் இத்தனை பாலங்கள் வந்தும் பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை?

வந்த கேள்வி இது: "வேலைக்காகக் கோயம்புத்தூர் வந்து மூன்று வருடம் ஆகிறது. வீடு வடவள்ளியில், ஆபீஸ் சரவணம்பட்டியில். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ஊரில் பாலம் பாலமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நெரிசல் குறைந்தபாடில்லை. என்னதான் பிரச்சினை? மெட்ரோ வந்தால் சரியாகுமா? அதுவரை ஒரு பைக் வாங்கிவிடலாமா?"

பைக் வாங்குவது உங்கள் இஷ்டம். நான் இந்த ஊரில் பல வருடமாக டவுன் பஸ்ஸில் போய்வருகிறவன், போக்குவரத்துத் திட்டங்களை அக்கறையோடு படிக்கிறவன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கோவையில் ரோட்டுக்குச் செலவழித்த அளவுக்கு பஸ்ஸைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஊர் வளர்ந்த திசைக்கு பஸ் வழித்தடங்கள் திரும்பவே இல்லை. உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

முதலில் ஊரின் அமைப்பைப் பாருங்கள். அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, பாலக்காடு ரோடு, பொள்ளாச்சி ரோடு, மேற்கே மருதமலை ரோடு, தடாகம் ரோடு, சிறுவாணி ரோடு. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி எல்லாம் நடு ஊரை நோக்கி வருகின்றன. ஒரு ஆரக்காலிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே போக நல்ல ரோடுகள் குறைவு, அந்த ரோடுகளில் பஸ் அதைவிடக் குறைவு. அதனால் பஸ் பயணம் என்றாலே காந்திபுரம் அல்லது உக்கடம் போய் மாறுவது என்று ஆகிவிட்டது. வடவள்ளிக்கும் சரவணம்பட்டிக்கும் நேர்க்கோட்டில் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். நீங்கள் 70 நம்பர் பஸ்ஸைப் பிடித்து, லாலி ரோடு சந்திப்பைத் தாண்டி, காந்திபுரத்தில் இறங்கி, சத்தி ரோட்டில் போகும் இன்னொரு பஸ்ஸில் இடம்பிடித்துப் போகிறீர்கள். முக்கோணத்தின் இரண்டு பக்கத்தையும் சுற்றுகிறீர்கள் என்பது ஒன்று. நடுவில் ஒரு காத்திருப்பு என்பது இன்னொன்று.

இதோடு ரயில் பாதை வேறு ஊரை இரண்டாகப் பிளக்கிறது. மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்கே வர வடகோவை மேம்பாலம், கிக்கானி ஸ்கூல் பக்கத்துச் சுரங்கப்பாதை, அவிநாசி ரோட்டுப் பழைய மேம்பாலம், லங்கா கார்னர் என்று விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான் உண்டு. ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தால் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றுவிடும். அன்றைக்கு அத்தனை வண்டியும் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு வழியில் வந்து குவியும். பஸ்ஸும் அந்தக் கூட்டத்தில் ஒரு வண்டிதான்.

ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. மில் ஊராக இருந்த காலத்தில் மில் எங்கே இருந்ததோ அதன் பக்கத்திலேயே வீடும் இருந்தது. பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் எல்லாம் அப்படி வளர்ந்த இடங்கள். ஷிப்ட் சங்கு ஊதினால் நடந்தோ சைக்கிளிலோ போய்ச் சேர்ந்துவிடுவார்கள். மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலங்களில் பல கடைத்தெருவாகவும் அடுக்குமாடியாகவும் மாறின. வேலை விளாங்குறிச்சிக்கும் சரவணம்பட்டிக்கும் போனது. வீடு வாங்கக்கூடிய விலை வடவள்ளியிலும் கோவைப்புதூரிலும் துடியலூரிலும் கிடைத்தது. வேலையும் வீடும் ஊரின் எதிரெதிர் ஓரங்களுக்குப் போனதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நில விலை செய்தது.

திட்டம் என்று இருந்தது 1994இல் ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). ஐ.டி. கம்பெனிகள் வருவதற்கு முன் போட்ட அந்தத் திட்டத்தை வைத்துக்கொண்டுதான் இந்த ஊர் கிட்டத்தட்ட முப்பது வருடம் வீட்டுமனைக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. 2041ஐ இலக்காக வைத்த புதிய திட்டம் இப்போதுதான் வந்திருக்கிறது. இடையில் 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி என்று சுற்றியிருந்த ஊர்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 105 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி ஒரே நாளில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆனது. வார்டு 100 ஆனது. சொத்துவரி ரசீதில் பெயர் மாறியது. பஸ் வழித்தடங்களையும் அன்றைக்கே புதிதாக வரைந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

சரி, எத்தனை பஸ் வேண்டும்? நகரப் போக்குவரத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவுகோலின்படி ஆயிரம் பேருக்கு 0.6 பஸ், அதாவது லட்சம் பேருக்கு 60 இருந்தால் முதல் தரம். 40க்குக் கீழே போனால் மூன்றாம் தரம். கோவை நகர்ப்புறத் தொகுதியின் (மாநகராட்சியும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும் சேர்ந்த பகுதி) மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 21.36 லட்சம். அந்தப் பழைய எண்ணிக்கைக்கே முதல் தரத்துக்கு 1,280 பஸ் வேண்டும், இரண்டாம் தரத்துக்கு 850. அரசு பஸ், தனியார் டவுன் பஸ் இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலை எட்டரைக்கு காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை பஸ் பின்னால் பஸ் நிற்கும். அதே நேரத்தில் காளப்பட்டியில் ஒரு பஸ்ஸுக்காக நாற்பது பேர் நிற்பார்கள். மொத்த எண்ணிக்கையில் இந்த வித்தியாசம் தெரியாது.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேகம். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் தவறவிடுகிறார்கள். 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வழித்தடம். பஸ் சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், இரண்டு முனையிலும் டீ குடிக்கப் பத்துப் பத்து நிமிடம். ஒரு சுற்றுக்கு 140 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 14 பஸ் வேண்டும். இப்போது ரோட்டில் நெரிசல் கூடி வேகம் மணிக்கு 10 கிலோமீட்டராக இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 200 நிமிடம் ஆகும். அதே 14 பஸ், அதே டிரைவர்கள், அதே டீசல் செலவு. ஆனால் ஸ்டாப்பில் நிற்பவருக்கு 14 நிமிடத்துக்கு ஒரு பஸ்தான் வரும். நாலு பஸ்ஸை யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி. திருப்பிப் பாருங்கள். பஸ்ஸுக்கென்று ஒரு தடம் ஒதுக்கி வேகத்தை 20 ஆக்கினால் சுற்று 110 நிமிடம், 11 பஸ்ஸே போதும். மூன்று பஸ் மிச்சம். அந்த மூன்றையும் காளப்பட்டிக்கு அனுப்பலாம்.

நெரிசலில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒரு பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் கூடுதல் ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் ஏற நேரமாகும், பஸ் இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்னால் போவதை ஒட்டிக்கொள்ளும். முக்கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரே நம்பர் பஸ் இரண்டு சேர்ந்தாற்போல வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

இப்போது பாலங்களுக்கு வருவோம். காந்திபுரத்தில் அடுக்குப் பாலம் வந்தது. 2022இல் திருச்சி ரோட்டிலும் கவுண்டம்பாளையத்திலும் பாலங்கள் திறந்தார்கள். 2024 ஆகஸ்டில் உக்கடம் - ஆத்துப்பாலம். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாயில், ஜி.டி. நாயுடு பெயரில். ஏர்போர்ட்டுக்கு அவசரமாகப் போகிறவருக்கும் ஆம்புலன்சுக்கும் இதனால் நிஜமாகவே நேரம் மிச்சம். அதை மறுக்கவில்லை. ஆனால் டவுன் பஸ் அந்தப் பாலத்தில் ஏறி என்ன செய்யும்? லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ் என்று அதன் ஸ்டாப்கள் எல்லாம் கீழே இருக்கின்றன. பாலத்தின் தூண்கள் நட்ட பிறகு மீதியிருக்கும் ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் பைக்கும் நடந்து போகிறவரும். ஊரின் மிகப் பெரிய போக்குவரத்துச் செலவு, பஸ்ஸில் போகிறவரின் பயணத்தில் நேரடியாக எதையும் மாற்றாத ஒன்றுக்குப் போயிருக்கிறது. அந்த வேலை நடந்த வருடங்களிலேயே கீழே இடது ஓரத்தில் பஸ்ஸுக்கென்று தடம் வரைந்து, ஸ்டாப்களைச் சரிசெய்திருக்கலாம். கார்கள் மேலே போய்விட்டதால் இப்போதும் அதைச் செய்யலாம். இதைவிட நல்ல வாய்ப்பு இந்த ரோட்டுக்குக் கிடைக்கப்போவதில்லை.

சிக்னல்களை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தார்களே, அதையும் சொல்ல வேண்டும். வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் பஸ் பயணம் ஸ்டாப்பில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது. போகும்போது ரோட்டின் இந்தப் பக்கம் ஏறுகிறவர் திரும்பும்போது அந்தப் பக்கம் இறங்குகிறார். தினமும் ஒரு முறையாவது ரோட்டைக் கடந்தே ஆகவேண்டும். சிக்னல் இருந்தபோது அரை நிமிடமாவது வண்டிகள் நின்றன. இப்போது வண்டி நிற்கும் கணமே கிடையாது. போன மாதம் ஒரு வயதான அம்மா கையில் காய்கறிப் பையோடு நடுத் தடுப்பை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையை நீட்டி நீட்டி வண்டிகளை நிறுத்தப் பார்க்கிறார், யாரும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு காலேஜ் பையன் பைக்கைக் குறுக்கே போட்டு நிறுத்தி, "வாங்க பாட்டி, வாங்க" என்று கூப்பிட்டான். அவர் இறங்கிய பஸ் அதற்குள் இரண்டு ஸ்டாப் தாண்டிப் போயிருக்கும். நடக்க வழியில்லாத ஊரில் பஸ் ஓடாது, ஓடினாலும் ஆள் ஏறமாட்டார்கள்.

கோவையில் அரசு பஸ்ஸோடு தனியார் டவுன் பஸ்ஸும் ஓடுவது உங்களுக்குப் புதிதாக இருந்திருக்கும். 1972இல் அரசின் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகும் இங்கே தனியார் பெர்மிட்டுகள் தொடர்ந்தன. தனியார் பஸ்ஸைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் நடந்துகொள்வது வசூலின் கணக்குப்படி. டிக்கெட் வசூல்தான் வருமானம் என்பதால் கூட்டம் உள்ள ஸ்டாப்பில் நின்று நின்று ஆளேற்றுவார்கள், பின்னால் அடுத்த பஸ் தெரிந்தால் பறப்பார்கள். டைமிங் சண்டை என்பது இதுதான். ஓடும் கிலோமீட்டருக்கு அரசு பணம் கொடுத்து, டிக்கெட் காசு அரசுக்குப் போகிற முறைக்கு மாறினால் இந்த ஓட்டப்பந்தயம் நின்றுவிடும். சென்னையில் 2025இல் வந்த மின்சார பஸ்கள் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில்தான் ஓடுகின்றன. கோவையில் இருக்கும் தனியார் பஸ்களையே அந்த முறைக்குள் கொண்டுவரலாம். ஒரே டிக்கெட்டில் அரசு பஸ்ஸிலிருந்து தனியார் பஸ்ஸுக்கு மாறவும் அப்போதுதான் வழி பிறக்கும்.

இது பெண்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் பார்த்த அரசுத் திட்டங்களில் இவ்வளவு நேராகக் கையில் சேர்ந்தது குறைவு. இரவு ஒன்பதரைக்கு காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். துணிக்கடை, நகைக்கடை, பேக்கரிகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்கள் வருவார்கள். ஒரு நாள் பக்கத்தில் நின்ற பெண் என்னிடம் கேட்டாள்: "ஏங்ண்ணா, ஃப்ரீ பஸ்ஸு போயிருச்சுங்களா?" இப்பத்தான் போனது என்றேன். எதிரே ஒரு தனியார் பஸ் அவளுடைய ஊர் பெயரைக் கூவிக்கொண்டு நின்றது, உள்ளே சீட்டும் இருந்தது. அவள் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தேய்த்துக்கொண்டு, கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். போகவர மிச்சமாகும் காசு மாதக் கடைசியில் அவளுக்குப் பெரிய தொகை. அதற்காக அவள் கொடுப்பது தினமும் அரை மணி, முக்கால் மணி நேரத் தூக்கம். பஸ் அடிக்கடி வராவிட்டால் இலவசத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

"பஸ் வாங்க காசு எங்கே" என்பார்கள். ஒரு பஸ் ஒரு கோடி என்று தாராளமாகவே வைத்தாலும் ஆயிரம் பஸ் ஆயிரம் கோடி. ஒரு பாலத்தின் செலவை மேலே சொன்னேன். உண்மையான சிக்கல் வாங்குவதில் இல்லை, ஓட்டுவதில். இரண்டு ஷிப்ட், வார ஓய்வு, விடுப்பு என்று பார்த்தால் ஒரு பஸ்ஸுக்கு டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லாம் சேர்த்து ஐந்தாறு பேர் வேண்டும். டீசல் விலை ஏறிவிட்டது, 2018க்குப் பிறகு கட்டணம் ஏறவில்லை. ஏற்றவும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்த இடைவெளியை யாராவது ஒவ்வொரு வருடமும் கட்டியாக வேண்டும். பாலத்துக்கு ஒரு முறை பணம் ஒதுக்கினால் கல்வெட்டு வைக்கலாம். கண்டக்டர் சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

மெட்ரோ விஷயம். அவிநாசி ரோடு, சத்தி ரோடு என்று இரண்டு தடங்களில் 34.8 கிலோமீட்டருக்கு, 10,740 கோடி ரூபாய் மதிப்பில் மாநில அரசு திட்டம் அனுப்பியது. 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், கோவைக்கு இல்லை என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. அவர்கள் எடுத்துக்கொண்டது 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் வரும் 15.84 லட்சத்தை. நகர்ப்புறத் தொகுதியை எடுத்தால் அதே கணக்கெடுப்பில் 21.36 லட்சம். நீலாம்பூரிலிருந்து தினம் வருகிறவர் மாநகராட்சி எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு வருவதில்லை. கிட்டத்தட்ட இதே அளவு நகர்ப்புறத் தொகுதி உள்ள கொச்சியில் 2017இலிருந்து மெட்ரோ ஓடுகிறது. எனவே கோவைக்கு மெட்ரோ கேட்பது நியாயம், தொடர்ந்து கேட்க வேண்டும். ஆனால் நாளைக்கே ஒப்புதல் கிடைத்தாலும் முதல் ரயில் ஓட பல வருடம் ஆகும். வந்தாலும் அது உங்கள் வடவள்ளிக்கு வராது. ஸ்டேஷன் வரை கொண்டுவிட பஸ் வேண்டும். மெட்ரோ வரும் என்று பஸ்ஸை ஒத்திப்போடுவதுதான் எனக்குப் பயம்.

ஏற்கெனவே இருக்கும் தண்டவாளமும் வீணாகக் கிடக்கிறது. கோவை ஜங்ஷன், வடகோவை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், அங்கிருந்து போத்தனூர், மறுபடி ஜங்ஷன் என்று ஊரைச் சுற்றி ஒரு ரயில் வளையமே இருக்கிறது. வடக்கே துடியலூர், மேட்டுப்பாளையம் வரை ஒரு கிளை. இதில் சுற்று ரயில் விடச் சொல்லிப் பல வருடமாகக் கேட்கிறார்கள். தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸும் கூட்ஸும் நெருக்கமாக ஓடுவதால் அரை மணிக்கு ஒன்று என்பது கஷ்டம். காலையும் மாலையும் வேலை நேரத்துக்கு நாலைந்து நடை என்பது கேட்கக்கூடிய ஒன்றுதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை என்பதைக் கடைசியாகச் சொல்கிறேன். பஸ்ஸை ஓட்டுவது போக்குவரத்துக் கழகம். பெர்மிட் கொடுப்பது மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் உள்ள போக்குவரத்து ஆணையம். ஸ்டாப்பில் நிழற்குடை மாநகராட்சி. பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை. யூ-டர்ன் எங்கே என்று முடிவுசெய்வது போலீஸ். ரயில் பெரும்பாலும் ரயில்வேயின் சேலம் கோட்டம். வீட்டுமனை அனுமதி நகர ஊரமைப்புத் துறை. வெள்ளலூரில் 168 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்று, தூண்களோடு கிடக்கிறதே, அங்கே ஊர்க்காரர்கள் எந்த பஸ்ஸில் போவார்கள் என்ற கேள்விக்கு இவர்களில் யார் பதில் சொல்லியிருக்க வேண்டும்? சென்னைக்கு எல்லாப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்க கும்டா என்று ஒரு குழுமத்துக்கு 2010இலேயே சட்டம் போட்டார்கள். அப்படிப்பட்ட அதிகாரம் உள்ள ஒரு மேஜை கோவைக்கும் வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வடவள்ளியிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டைக் குறுக்கே தாண்டி, துடியலூர், வெள்ளக்கிணறு வழியாகச் சரவணம்பட்டிக்கு ஒரு வழித்தடம் கேட்பது நியாயமான கோரிக்கை. பெரிய பஸ் திரும்ப முடியாத இடமென்றால் சிற்றுந்து போதும். 2025 ஜூனில் தொடங்கிய புதிய சிற்றுந்துத் திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை வழித்தடம் கேட்கலாம். வெறுமனே "பஸ் விடுங்கள்" என்று மனு கொடுத்தால் கோப்பில் போய்ச் சேரும். உங்கள் ஆபீசில் மேற்குப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, எங்கே ஏறுவார்கள் என்று எழுதி வாங்குங்கள். பக்கத்துக் கம்பெனிகளிலும் கேளுங்கள். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் உங்கள் ஸ்டாப்பில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், வராததையும் சேர்த்து. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் நடக்கும், அந்த மனுவின் நகல் ஒன்று போக்குவரத்துக் கழகப் பொது மேலாளருக்கும் போகட்டும். நோட்டு நிரம்பியதும் சொல்லுங்கள், மனுவை உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம்.